கிணற்றண்ணனின் இரவல் குப்பிகள்

கிணற்றண்ணன் என்ற பெயர் எப்படி வந்தது என்பதை அவர் பெண்டாட்டி வெளியே யாரிடமும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், ஊரில் அவர்கள் வீட்டில் பெரிய கிணறு இருந்ததென்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் வந்ததெல்லாம் தெருக்குழாயிலிருந்துதான். கிணறு இருந்தது அவருடைய வயிற்றுக்குள்.

அவருக்கு வேலை, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற ஒரு பெரிய லாண்டரியில். விரிப்புகள், போர்வைகள், நோயாளிகள் முதுகுப்பக்கம் நாடா கட்டிப் போட்டுக்கொள்ளும் நீல அங்கிகள் எல்லாம் லாரியில் அழுக்காக வந்து லாரியில் சுத்தமாகப் போகும். காலையில் முதல் இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் நீராவி குபுகுபுவென்று எழுந்து, கூரை வரைக்கும் போய் அங்கேயே படுத்துக்கொள்ளும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்தக் கூடத்தில் யாரையும் முழுசாகப் பார்க்க முடியாது. ஒருவருடைய தோள் தெரியும். இன்னொருவருடைய கை மட்டும் ஒரு விரிப்பை உதறிக்கொண்டிருக்கும். கிணற்றண்ணனுக்கு அது பிடித்திருந்தது. கையும் காலும் தம்பாட்டுக்கு வேலை செய்யும், மனசு எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும். வேலை நேரத்தில் கனவு காண்கிற ஆள் என்று மேற்பார்வையாளர் குறைப்பட்டுக்கொள்வார். கண்டால் என்ன, துணி வெளுக்கிறதா இல்லையா?

அவர் அந்த ஊருக்கு வந்த புதிதில், பிழைக்க வந்த ஆண்கள் பலர் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் படுத்திருந்தார்கள். அவர்கள் எல்லோரும் பயந்த வார்த்தை ஒன்றுதான்: மெடிக்கல். வருஷத்துக்கு ஒருமுறை உடம்பைக் காட்டிப் பாஸாக வேண்டும். பாஸானால் இன்னொரு வருஷம் இருக்கலாம். இல்லாவிட்டால் காகிதத்தில் ‘அன்ஃபிட்’ என்று ஒரு முத்திரை விழும். கீழ்க்கட்டில் தையல்காரருக்கு அப்படி விழுந்தது. நெஞ்சில் ஏதோ பழைய தழும்பாம், மனிதருக்கு ஒரு இருமல்கூடக் கிடையாது. முத்திரை குத்தின ஆள் சிரித்த முகத்தோடுதான், ஒன்றும் பயப்படாதீர்கள் என்று சொன்னாராம். அந்த வாரமே தையல்காரரின் கட்டில் காலி. தலையணையில் அவர் தலை வைத்த குழி மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் குழியை யாரும் தட்டிச் சரிசெய்யவில்லை, புது ஆள் வருகிற வரைக்கும் எல்லோரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

அடுத்த மெடிக்கலுக்கு முன்னால், மேல்கட்டிலில் இருந்த கூட்டாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்தான், சிறுநீர் மஞ்சளாகப் போகிறது என்று புலம்பினான். குளியலறை வாசலில் கிணற்றண்ணனை மடக்கி, குப்பியை நீட்டினான். “உன் உடம்பு இரும்பு. கொஞ்சம் குடேன். உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?” அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். கூட்டாளி பாஸ். விஷயம் கட்டில் கட்டிலாகப் பரவி, அடுத்த வருஷம் வாசலில் வரிசையே நின்றது. அன்றைக்கு வைத்த பெயர்தான் கிணறு. இல்லையென்று ஒருவருக்கும் கைவிரித்ததில்லை.

அப்புறம் காலம் ஓடிவிட்டது. அறை கலைந்தது. எல்லோருக்கும் நிரந்தரமாகத் தங்குகிற அனுமதி கிடைத்தது. மேல்கட்டில் கூட்டாளி, கிணற்றண்ணனின் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையானார். அதே லாண்டரியில் விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் விடுகிற வேலை அவருக்கு. இப்போது மெடிக்கல் கிடையாது. தேநீர் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில், வருஷத்துக்கு ஒருமுறை நர்ஸம்மா வந்து பார்ப்பதோடு சரி. இது உங்கள் நல்லதுக்கு, இதை வைத்து யாரையும் எங்கேயும் அனுப்ப முடியாது என்று அந்தம்மாள் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஆண்கள் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு நேராகக் கழிவறைக்குப் போவார்கள். அங்கே கிணற்றண்ணன் தயாராக நின்றுகொண்டிருப்பார். மாப்பிள்ளை, துணி மடிக்கிறவர், லாரி ஓட்டுகிறவர், அவரையும் சேர்த்து நால்வருக்கும் ஒரே ஊற்று.

அதை அவர் விளையாட்டாகச் செய்யவில்லை. பரிசோதனை வாரம் வந்தால் காரம் தொடமாட்டார், நேரத்தோடு படுப்பார், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். “ஊருக்கெல்லாம் இறைக்கிற மகராசன், வீட்டுல குழாய் சொட்டுது, அதைத் திரும்பிப் பாக்க நேரமில்லை” என்பாள் பெண்டாட்டி. அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். அந்த நாட்களில் அவருக்கு ஒரு கனவு வரும். அவரே கிணறாக இருப்பார். விளிம்பு வரைக்கும் தண்ணீர், மேலே வானம் வட்டமாகத் தெரியும். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து வாளி விடுவார்கள். வாளி உள்ளே இறங்கும்போது லேசாகக் கூசும். விழித்ததும் நிறைவாக இருக்கும். பெரிய படிப்பு இல்லை, பதவி இல்லை, ஆனாலும் தன்னிடமும் நாலு பேருக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வார்.

லாண்டரிப் பாய்லர்க்காரரைப் பார்த்தால்தான் நால்வருக்கும் பாவமாக இருக்கும். அவர் அந்த ஊரிலேயே பிறந்தவர். அவர் அப்பாவைப் பார்த்த டாக்டரின் மகன்தான் இவருக்கு டாக்டர். முடிவெட்டப் போவது போல டாக்டரிடம் போய்விட்டு வருவார். ஒருமுறை தவறினால் அங்கிருந்து போன் வந்து, கோபித்துக்கொள்வார்கள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு மாத்திரை அட்டை. காலைத் தேநீரோடு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, வானிலையைப் பற்றிப் பேசுவார். இந்த ஊர்க்காரர்களுக்கு உடம்பில் வலுவில்லை, எப்போது பார்த்தாலும் டாக்டர் டாக்டர் என்று ஓடுகிறார்கள் என்பது துணி மடிக்கிறவரின் தீர்ப்பு. நாமெல்லாம் ஒரு மாத்திரை தொட்டதுண்டா என்று மாப்பிள்ளை நெஞ்சைத் தட்டிக்கொள்வார். நால்வரும் அந்த மனிதருக்காகப் பரிதாபப்பட்டு, அவருக்கு ஒரு பிஸ்கட் கூடுதலாகக் கொடுப்பார்கள்.

நர்ஸம்மா மாப்பிள்ளையின் கையில் பட்டை கட்டிப் பிரஷர் பார்க்கும்போது, வருஷா வருஷம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருந்தது. மாடிப்படி ஏறி வந்தேன் என்பார் அவர். நர்ஸம்மா குப்பியின் முடிவைப் பார்ப்பார். அது பளிங்கு போல இருக்கும். சிறுநீர் சுத்தமாக இருக்கிறது, பயமில்லை, உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவார். மாப்பிள்ளை வெளியே வந்து மச்சானைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், தங்கச்சி வீட்டில் சாப்பாடு. ஜன்னல் திரை வழியாக மங்கலான வெயில் வந்து மேஜையில் கிடந்தது. தங்கச்சி கேலியாக ஒன்று சொன்னாள். “அண்ணா, உங்க மாப்பிள்ளை லாண்டரி சோப்பையெல்லாம் முழுங்கிட்டார் போலிருக்கு. பாத்ரூம் போனா ஒரே நுரை. தண்ணி ஊத்தினாலும் போகமாட்டேங்குது.” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அவருடைய காலில் செருப்பு வார் பதிந்த இடம், கழற்றின பிறகும் பள்ளமாகவே இருந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிற காலென்றால் அப்படித்தான் இருக்கும் என்று கிணற்றண்ணன் பார்வையை நகர்த்திக்கொண்டார்.

அந்த வருஷம் கிணற்றண்ணனுக்குத் தாகம் அதிகமாக இருந்தது. எவ்வளவு குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. குடித்ததெல்லாம் உடனே வெளியே வந்தது. வேறொருவராக இருந்தால் கவலைப்பட்டிருப்பார். இவரோ பூரித்துப்போனார். வயதாக ஆக எல்லோருக்கும் ஊற்று வற்றும், எனக்குப் பெருகுகிறது பார் என்று லாரிக்காரரிடம் பீற்றிக்கொண்டார். உடம்பு இளைத்து இடுப்புவார் தளர்ந்ததைக்கூட இளமை திரும்புகிற அடையாளமாகவே எடுத்துக்கொண்டார். கனவுதான் கொஞ்சம் மாறிவந்தது. அதே கிணறு, அதே வட்டமான வானம். ஆனால் வாளிக்கயிறு கறுப்பாக இருந்தது. உற்றுப் பார்த்தால் கயிறு நெடுக எறும்பு. சாரை சாரையாக, அவசரமே இல்லாமல், தண்ணீரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கனவில் அவருக்கு அது அழகாகக்கூட இருந்தது.

பரிசோதனை நாளன்று வழக்கம்போலக் குப்பிகள் நிரம்பின. சில நாள் கழித்து நர்ஸம்மா தானே லாண்டரிக் கூடத்துக்குள் வந்தார். நீராவிக்குள் ஒரு வெள்ளைக் கோட்டு மிதந்து வருவதைக் கண்டதுமே, மாப்பிள்ளை உருளையை நிறுத்தினார். நால்வரையும் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு நர்ஸம்மா சொன்னார்: நால்வருடைய சிறுநீரிலும் சர்க்கரை, அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இப்படி அவர் பார்த்ததே இல்லையாம். ஒருவேளை கருவியின் கோளாறாக இருக்கும், நாளைக்கு வாருங்கள், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்த்துவிடலாம்.

ரத்தத்தை யாரிடம் இரவல் வாங்குவது? அன்று மாலை நால்வரும் சுவர் ஓரமாக, பேயறைந்த மாதிரி நின்றார்கள். பிள்ளைகள் இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கின்றன. பெட்டியைக் கட்டு என்று யாரும் சொல்லமுடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன், அந்தத் தலையணைக் குழியல்லவா கண்முன்னால் நிற்கிறது.

மறுநாள் குத்திப் பார்த்ததில் மூன்று பேருக்குச் சர்க்கரை இல்லை. கிணற்றண்ணன் ஒருவருக்குத்தான் இருந்தது, தாராளமாகவே இருந்தது. மற்ற மூவரும் கருவியைத் திட்டிக்கொண்டு, ஜெயிலிலிருந்து விடுதலையானவர்கள் போல வேலைக்கு ஓடினார்கள். கிணற்றண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து ‘அன்ஃபிட்’ என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தார். நர்ஸம்மா ஒரு மாத்திரை அட்டையைக் கொடுத்தார், எதைக் குறைத்துச் சாப்பிட வேண்டுமென்று சொன்னார், அடுத்த வாரம் வரச்சொன்னார். அவர் எழுந்திருக்கவில்லை.

“வேற ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?”

“வேற என்ன? தினமும் கொஞ்சம் நடங்க.”

அவ்வளவுதானா என்று நினைத்தபோது அவருக்குக் கால் இரண்டும் லேசாகிவிட்டது. இத்தனை காலம் பயந்து நடுங்கினது இதற்குத்தானா? தேநீர் அறையில் பாய்லர்க்காரர் தனியாக உட்கார்ந்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். கிணற்றண்ணன் எதிரே உட்கார்ந்து, தன்னுடைய அட்டையையும் எடுத்து மேஜையில் வைத்தார். ஒரே கட்சியில் சேர்ந்துவிட்ட மாதிரி இருவரும் சிரித்துக்கொண்டார்கள். எத்தனையோ வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்தும் கேட்காத கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டார். அந்த மாத்திரை எதுக்கு?

“கிட்னிக்கு” என்றார் பாய்லர்க்காரர். “ரொம்ப நாளைக்கு முன்னாடி சும்மா செக்கப்புக்குப் போனேன். யூரின்ல நுரை இருக்கு, பிரஷரும் ஏறுதுன்னு சொல்லி இதைக் குடுத்தாங்க. அன்னைக்கு எங்கே நின்னுச்சோ அங்கேயே நிக்குது. விட்டிருந்தா கிட்னி போயிருக்குமாம்.”

வானிலையைச் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு அவர் பாய்லரைப் பார்க்கப் போய்விட்டார். கிணற்றண்ணனின் தேநீர் ஆறிப்போனது. கதவுக்கு அப்பால் நீராவி கலைந்து கலைந்து கூடியது. அதற்குள் மாப்பிள்ளையின் கால்கள் மட்டும் தெரிந்தன. கணுக்காலுக்கு மேலே காலுறை விளிம்பு பிதுங்கி நின்றது. லாண்டரி சோப்பு, ஒரே நுரை, பளிங்குக் குப்பி, உப்பைக் குறையுங்கள். தங்கச்சி வீட்டு மேஜையில் தான் சிரித்த சிரிப்பு அவர் காதிலேயே கேட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்தக் குப்பியை நிரப்பிக் கொடுத்து மாப்பிள்ளையைக் காப்பாற்றினதாகத்தானே பெருமைப்பட்டார்?

அவர் எழுந்து நேராக உருளைப் பக்கம் போனார். சூடான விரிப்புகள் இருவருக்கும் நடுவே இறங்கிக்கொண்டிருந்தன. குரலைத் தாழ்த்தி, நர்ஸம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு, உன்னுடையதை நீயே கொடு என்றார். மாப்பிள்ளை சுற்றுமுற்றும் பார்த்தார்.

“மச்சான், இப்பதான் பாஸாயிருக்கேன். பொண்ணு கடைசி வருஷம் படிக்கிறா. வாயைத் திறக்காதே.”

“கால் வீங்கியிருக்கு மாப்ள.”

“உன் தங்கச்சி நல்லா இருக்கணுமா வேணாமா?”

நல்லா இருக்கணும்னுதான், என்று கிணற்றண்ணன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். திரும்பி நடந்தார். பின்னால் மாப்பிள்ளை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. பட்டப்பெயரில்லை, அப்பா அம்மா வைத்த பெயர். அதைக் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. ஆனாலும் அவர் நிற்கவில்லை.

நர்ஸம்மா கோட்டைக் கழற்றிவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்தார். கிணற்றண்ணன் கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அடுக்குக் கட்டில், தையல்காரர், முதல் குப்பி, அதற்கப்புறம் வந்த எல்லாக் குப்பியும். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். அந்தம்மாள் திட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“யாரையும் எங்கேயும் அனுப்பமாட்டாங்கன்னு வருஷா வருஷம் சொன்னேனே.”

“சொன்னீங்க சிஸ்டர். தையல்காரர்கிட்டயும் பயப்படாதீங்கன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.”

நர்ஸம்மா எழுந்து, கழற்றின கோட்டைத் திரும்பவும் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளையைக் கூட்டிவரச் சொன்னார்.

மாப்பிள்ளையின் சிறுநீரகங்கள் பெரும்பகுதி கெட்டுப்போயிருந்தன. முன்பே தெரிந்திருந்தால் தினம் ஒரு மாத்திரையில் நிறுத்தியிருக்கலாம் என்றார் பெரிய டாக்டர். பாய்லர்க்காரர் சட்டைப்பையில் இருக்கிற அதே மாத்திரை. இனி, மிச்சமிருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு, இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்கிற நாளை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடலாம். யாரும் பெட்டி கட்டச் சொல்லவில்லை. யாரும் முத்திரை குத்தவில்லை. லாண்டரியில் அவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். கிழிந்த அங்கிகளைப் பொறுக்கி எடுக்கிற வேலை.

தங்கச்சி அண்ணனிடம் அழுதாள், சண்டை போட்டாள், பிறகு பேசினாள். மாப்பிள்ளை மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காட்டிக்கொடுத்ததற்கா, அத்தனை வருஷம் குப்பியை நிரப்பிக் கொடுத்ததற்கா, எதற்காகக் கோபம் என்று கிணற்றண்ணனும் கேட்கவில்லை. இரண்டுக்கும் கோபப்பட அவருக்கு உரிமை இருந்தது. நீராவிக்குள் ஒருவரையொருவர் கடக்கும்போது துணிவண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி வழிவிட்டுக்கொண்டார்கள். கிணற்றுக் கனவு அப்புறம் அவருக்கு வரவே இல்லை. தூக்கத்தில் வெறும் வெள்ளையாக இருந்தது, துவைத்து விரித்த துணியைப் போல.

அடுத்த வருஷம் நர்ஸம்மா வந்த காலையில், கிணற்றண்ணன் கால்போன போக்கில் கழிவறைக்குப் போய் நின்றார். பழக்கதோஷம். துணி மடிக்கிறவர் வந்தார், அவரவர் குப்பி அவரவர் கையில் என்று ஒரு அசட்டுச் சிரிப்போடு காட்டிவிட்டு உள்ளே போனார். லாரிக்காரரும் வந்துபோனார். கடைசியாக மாப்பிள்ளை வந்தார். செருப்பு வாரைத் தளர்த்திவிட்டு, மெதுவாக நடந்து வந்தார். மச்சானைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கி, அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிணற்றண்ணன் போகவில்லை. கூரை ஓரத்துக் கண்ணாடி வழியாக வெளிச்சம் பால் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் இயந்திரங்கள் சுற்றுகிற சத்தம். கதவுக்கு அப்பால் வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

“மச்சான்.”

அவர் திடுக்கிட்டார்.

“வரமாட்டேங்குது மச்சான்.”

கிணற்றண்ணனின் வயிறு முட்ட முட்ட நிறைந்திருந்தது. அன்றும் காலையிலிருந்து தண்ணீராகக் குடித்திருந்தார். ஒரு குப்பி என்ன, நாலு குப்பி நிரப்பலாம். அவர் கை தன்னையறியாமல் கதவுப் பக்கம் நீண்டது, பிறகு மடங்கியது. கைகழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். பலமாக இல்லை, மெல்லிசாக. குழந்தைகளை ஒண்ணுக்குப் போகவைக்க அம்மாக்கள் திறந்துவிடுவார்களே, அந்த அளவுக்கு.

“அவசரமில்லை மாப்ள” என்றார். “நான் இங்கதான் நிக்கிறேன்.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.